சிலையைப் படமெடுக்க யாரும் தடுக்கவில்லை, நின்ற இடத்தில்தான் வம்பு

ஆற்காட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று 18 வருடமாக இதுதான் பிழைப்பு. எங்கள் ஊரில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு வாசல் நிற்கிறது. பழைய கோட்டையில் மிஞ்சியது அதுதான். மேலே உள்ள சின்ன அறையைக் காட்டி, ராபர்ட் கிளைவ் தங்கிய அறை என்பார்கள். 1751இல் அவர் எங்கள் கோட்டைக்குள் புகுந்து ஐம்பது நாள் முற்றுகை தாங்கிய கதையைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டாயிற்று. சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக அதில் ஒரு துணுக்கு வரும். கதை கட்டியதோ நடந்ததோ, எனக்குச் சின்ன வயதிலேயே அந்தச் சிப்பாய்கள் மேல் கோபம்தான். லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லவ் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நவம்பரில் மூன்று வாரம் போக வாய்த்தபோது, லண்டனில் கிளைவ் சிலை இருக்கிறது, அதன் பீடத்தில் ஆற்காட்டு முற்றுகை வெண்கலத்தில் புடைப்பாகச் செய்திருக்கிறது என்று தெரிந்தது. அதைப் படமெடுக்க வேண்டும், அப்படியே நாலைந்து ஊர்களில் முக்கியமான சிலைகளையும் எடுத்துக்கொண்டு வரலாம் என்று கேமரா, இரண்டு லென்ஸ், டிரைபாட் எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். தனியாகத்தான் சுற்றினேன். மாமாவுக்கு வேலை, அக்காவுக்குக் குளிர்.

முதல் நாளே சறுக்கியது. போய் இறங்கிய வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் இரும்புத் தடுப்பு, போலீஸ், கோட்டில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திய ஜனங்கள். நவம்பரின் இரண்டாவது ஞாயிறு அங்கே போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். ஒயிட்ஹாலில் லட்யன்ஸ் வடிவமைத்த செனோடாஃப் நினைவுச் சின்னத்தில் பதினொரு மணிக்கு மன்னர் மலர்வளையம் வைப்பார், இரண்டு நிமிடம் மௌனம். கிளைவ் சிலைக்காக நான் தேடிப்போன கிங் சார்ல்ஸ் தெரு அந்த ஒயிட்ஹாலிலிருந்துதான் பிரிகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் தடுப்பு. அக்கா பதினாறு வருடமாக அந்த நாட்டில் இருக்கிறாள், அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. நவம்பரில் போகிறவர்கள் அந்த ஒரு ஞாயிற்றை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்த நிகழ்ச்சியையே பார்க்கப் போங்கள். அடுத்த இரண்டு வாரம் எந்தச் சின்ன ஊர் நினைவுத்தூணுக்குப் போனாலும் அடியில் பாப்பி வளையங்கள் அடுக்கியிருக்கும். சாம்பல் கல்லில் அந்தச் சிவப்பு, நாம் போடாமலே யாரோ போட்டுவைத்த கலர் மாதிரி இருக்கும்.

திங்கள் காலை பத்து மணிக்கு மறுபடி போனேன். வழி திறந்திருந்தது, வெயிலும் இருந்தது. ஆனால் படம் ஒன்றும் தேறவில்லை. கிளைவ் படிக்கட்டின் உச்சியில் மேற்கே செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைப் பார்த்து நிற்கிறார், சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் முகம் கரிக்கட்டை. 18 வருடம் தொழில் செய்கிறவன், கிளம்புமுன் சிலை எந்தத் திசை பார்க்கிறது என்று மேப்பில் ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டாமா? டிராஃபல்கர் சதுக்கத்திலும் அதே கதைதான். தூண்மேல் நிற்கும் கடற்படைத் தளபதி நெல்சன் தெற்கே பார்க்கிறார். நேஷனல் கேலரி வாசலில் நின்று எடுக்கிறவர்களுக்கெல்லாம் கிடைப்பது அவர் முதுகு. தூண் 50 மீட்டருக்கு மேல், அதனால் 200 எம்.எம். லென்ஸ் இல்லாமல் முகத்தை நினைக்கவே வேண்டாம். இன்னொன்று, கறுத்த வெண்கலத்தை வெளுத்த வானத்தில் வைத்து எடுப்பது, வெள்ளை ஸ்கிரீன் முன்னால் கறுப்புக் கோட் மாப்பிள்ளையை நிறுத்தி எடுப்பது மாதிரி. கேமரா அளக்கிறபடி விட்டால் மாப்பிள்ளை காணாமல் போவார். வெளிச்ச அளவை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். நவம்பர் பாதியில் லண்டனில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், வடக்கே போகப் போக இன்னும் சீக்கிரம். நாளுக்கு ஆறு மணி நேர வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நான் நம் ஊர்க் கணக்கில் போட்டேன்.

அன்றைக்கு இன்னொரு தப்பும் செய்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. லென்ஸ் மாற்ற வேண்டி, படிக்கட்டை ஒட்டிக் கீழே இருந்த ஒரு கல் விளிம்பில் பையைத் தூக்கி வைத்தேன். பக்கத்தில் உருண்டையாக ஒரு கல், அதில் புறாக்கள் செதுக்கியிருந்தன. அழகாக இருக்கிறதே என்று குனிந்தபோதுதான் பின்னால் வளைந்த சுவரில் பெயர்கள் கண்ணில் பட்டன. 2002இல் பாலி தீவில் குண்டு வெடித்து இறந்த 202 பேருக்கான நினைவிடம் அது. புறாக்களும் 202. ஒரு அம்மாள் சின்னப் பூங்கொத்தோடு வந்து, நான் பையை எடுக்கிறவரை ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிலை என்றால் நமக்குத் தலைவர்தான் ஞாபகம் வருகிறது. அங்கே நிறையவே துக்க இடங்கள். முதலில் எழுத்தைப் படித்துவிட்டு அப்புறம் பையை இறக்குவது என்று அன்றைக்குப் பழக்கம் பண்ணிக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கிளம்புமுன் படித்திருந்தேன். அது நல்ல செய்திதான். பிரிட்டனின் 1988ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம், 62ஆம் பிரிவு. பொது இடத்திலோ, பொதுமக்கள் நுழையக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படம் எடுக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். சிற்பி உயிரோடு இருந்தாலும் கேட்கத் தேவையில்லை. பாராளுமன்றச் சதுக்கத்தில் 2015இல் வைத்த காந்தி சிலைக்கும், 2018இல் வைத்த, பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் சிலைக்கும் இது பொருந்தும். நம் 1957ஆம் வருடத்துச் சட்டத்திலும் சிற்பத்துக்கு இதே சலுகை உண்டு. கவனிக்க வேண்டியது இரண்டு சொல். ஒன்று ‘நிரந்தரமாக’. டிராஃபல்கர் சதுக்கத்தின் நாலாவது பீடத்தில் சிற்பங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள், அவற்றை இந்தக் கணக்கில் துணிந்து சேர்க்க முடியாது. இன்னொன்று ‘சிற்பம்’. சுவர் ஓவியம் இதில் வராது. வீட்டு ஆல்பத்துக்கு எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை, காலண்டர் அடித்தால்தான் கேள்வி. இதையெல்லாம் படித்துவிட்டு, சட்டமே நம் பக்கம் என்ற தெம்பில் போனேன். சிலை நிற்கிற தரை யாருடையது என்று ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிரிஸ்டல் ஒரே நாளில் முடிந்தது. அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கவிழ்த்து, உருட்டிக்கொண்டுபோய் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. இப்போது எம் ஷெட் அருங்காட்சியகத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள், உடம்பில் அன்று பூசிய சிவப்பு, நீலச் சாயத்தோடு. அனுமதி இலவசம். வெறும் பீடத்தையும் எடுத்தேன். நல்ல படங்கள். நல்ல படங்களாக இருந்தன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நாள் கழித்து அவை இல்லை.

நடந்தது வடக்கே ஒரு பெரிய நகரத்தில். ஊர் பெயர் வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய அலுவலக வளாகம், நடுவில் அகலமான கல் தரை, பெஞ்சுகள், காபிக் கடை, ஒரு வெண்கலச் சிற்பம். கேட் கிடையாது, சுவர் கிடையாது, ஜனங்கள் குறுக்கே நடந்து வேலைக்குப் போகிறார்கள். தெரு என்றுதான் நினைத்தேன். டிரைபாட்டை விரித்து அரை மணி நேரம் நிம்மதியாக எடுத்தேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட செக்யூரிட்டி ஒருவர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க புரொபஷனலா சார்?” என்று கேட்டார். நம் தொழிலை மதித்துக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். “ஆமாம், 18 வருஷமா” என்றேன் பெருமையாக. அங்கேதான் என் வாயால் நான் கெட்டேன். அவர் கேட்டது என் திறமையை இல்லை, இது வியாபாரத்துக்கு எடுக்கிற படமா என்பதை. இது தனியார் இடம், வணிகப் படப்பிடிப்புக்கு முன்னனுமதி வேண்டும், அனுமதிக் கடிதம் எங்கே என்றார். இன்னொருவரும் வந்து சேர்ந்தார். எந்தக் கம்பெனிக்காக, எந்த விசாவில் வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. பார்வையாளர் விசாவில் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. நான் செய்யவும் இல்லை, ஆனால் நானே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எடுத்ததை அழித்துவிடுங்கள் என்றார்கள். கை நடுங்குகிறது, உறையைக் கழற்றிய விரலில் குளிர் வேறு. ஒவ்வொன்றாக அழிக்கப் பொறுமை இல்லாமல் ஃபார்மட் கொடுத்துவிட்டேன். அந்த வளாகத்துப் படம் முப்பதுதான் இருக்கும். கார்டில் இருந்தது 186. பிரிஸ்டல் முழுக்க அதில்தான்.

இருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தெருமுனை பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பயமா, அவமானமா என்று பிரித்துச் சொல்லவும் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். “டேய், அவங்க வெளியே போன்னு சொல்லலாம், அவ்ளோதான். அழிக்கச் சொல்ல அவங்க யாரு? நீ ஏன்டா புரொபஷனல்னு சொன்ன?” என்றாள். மாமா இரவு விளக்கமாகச் சொன்னார். தனியார் நிலமாக இருந்தால், படம் எடுக்காதே, டிரைபாட் வைக்காதே, வெளியே போ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, சொன்னால் போய்விட வேண்டியதுதான். கேமராவைப் பிடுங்கவோ, எடுத்த படத்தை அழிக்கவைக்கவோ காவலாளிக்கு அதிகாரம் இல்லை. போலீஸ்காரர்களுக்கே அழிக்கச் சொல்லும் அதிகாரம் கிடையாது. பயங்கரவாதம் குறித்து நியாயமான சந்தேகம் வந்தால் 2000ஆம் வருடத்துச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் சோதிக்கலாம், படங்களைப் பார்க்கலாம். பார்வைக்குப் பொது இடம், பத்திரத்தில் தனியார் நிலம் என்கிற சதுக்கங்கள் அங்கே நிறைய. லண்டனில் கேனரி வார்ஃப் அப்படிப்பட்ட இடம்தான். தரைக் கல் திடீரென்று ஒரே மாதிரிப் பளபளப்பாக மாறினால், குப்பைத்தொட்டியில் நகராட்சி முத்திரைக்குப் பதில் ஏதோ எஸ்டேட் பெயர் இருந்தால், சந்தேகப்படுங்கள். எங்காவது மூலையில் விதிமுறைப் பலகை இருக்கும். டிராஃபல்கர் சதுக்கமும் பாராளுமன்றச் சதுக்கப் புல்வெளியும் லண்டன் மேயர் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன, அங்கேயும் வணிகப் படத்துக்கு முன்னனுமதி வேண்டும். ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களிலும் அப்படித்தான். சுற்றுலாப் பயணி கையில் பிடித்து எடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆகவே யாராவது கேட்டால், “டூரிஸ்ட், சொந்த உபயோகத்துக்கு” என்று உள்ளதைச் சொல்லுங்கள், ஊரில் வைத்திருக்கும் ஸ்டூடியோ கதை வேண்டாம். டிரைபாட்டை நான் அதற்கப்புறம் விரிக்கவே இல்லை. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, ஏற்றினால் வேலை முடிந்தது.

இன்னொரு முட்டாள்தனம் இதைவிடப் பெரியது. ஃபார்மட் செய்தாலும் படங்கள் உடனே அழிந்துவிடுவதில்லை, மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை மீட்கலாம். கல்யாண வீட்டு அசிஸ்டண்ட் பையன்களுக்கு நான் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்றைக்குப் பதற்றத்தில் அதே கார்டில் மேற்கொண்டு இரண்டு நாள் எடுத்துத் தள்ளினேன். பையில் காலி கார்டு இரண்டு இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்ததில் லிவர்பூல் ரயில் போய்விட்டது. முன்கூட்டி மலிவாக எடுக்கிற அட்வான்ஸ் டிக்கெட், 14 பவுண்ட். அந்த ரயிலில் ஏறாவிட்டால் அது வெறும் காகிதம். ரயில் கிளம்புமுன் என்றால் கட்டணம் கட்டி வேறு நேரத்துக்கு மாற்றியிருக்கலாம், கிளம்பிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கவுன்டரில் புது டிக்கெட் 41 பவுண்ட். சிலை எடுக்கப் போகிறவனுக்கு வெயில் எப்போது வரும் என்று தெரியாது, அவன் அட்வான்ஸ் டிக்கெட்டில் கட்டிப்போட்டுக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் கூடுதலானாலும் ஆஃப்-பீக் எடுத்தால் நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம்.

லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிராஸ்பி கடற்கரை. சிற்பி ஆண்டனி கோர்ம்லி தன் உடம்பிலேயே அச்சு எடுத்து வார்த்த 100 இரும்பு மனிதர்கள், ஒவ்வொன்றும் 650 கிலோ, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். கடல் மட்டம் ஏறும்போது மார்பு, கழுத்து, தலை என்று மூழ்கி, இறங்கும்போது சொட்டச் சொட்ட வெளியே வருவார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் தொடை வரைக்கும் கொட்டலசு என்கிற ஓட்டுக் கடலுயிர் ஒட்டிச் சொரசொரவென்று இருக்கும், மேலே துரு. அதைப் பார்த்ததும் நகரத்தில் நடந்தது கொஞ்சம் மறந்தது. நடைபாதையிலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருங்கள், தூரத்துச் சிலைகளுக்குப் போகாதீர்கள் என்று பலகை இருக்கிறது. படித்தேன். படித்துவிட்டும் அடுத்த வரிசை ஆளிடம் போனேன். மெரினா மணல் என்று நினைப்பு. மேலே மணல், நாலு விரல் கீழே சேறு. வலது கால் முழங்கால் வரை இறங்கியது, இழுக்க இழுக்க இடது காலும். நல்லவேளை, கடல் மட்டம் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, கேமராப் பையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தவழ்ந்து கரைக்கு வந்தேன். ஒரு ஷூ இன்னமும் அங்கேதான் இருக்கிறது. நாய் நடத்தி வந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார், காலில் கட்டிக்கொள்ள. புது ஷூ 35 பவுண்ட். அந்தக் கோலத்தில் கிளாஸ்கோ ரயில் ஏற முடியாமல் இன்னொரு ராத்திரி அறை 68 பவுண்ட். கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். இறங்குகிற நேரமாகவே இருந்தாலும் அந்தப் பலகையை நம்புங்கள்.

கிளாஸ்கோவில் பணம் போகவில்லை, மானம் போனது. நவீன ஓவியக் கூடத்தின் வாசலில் குதிரைமேல் வெலிங்டன் பிரபு, சிற்பி மரோசெட்டி செய்து 1844இல் வைத்தது. தலையில் ஆரஞ்சு நிறத்தில் போக்குவரத்துக் கூம்பு. எவனோ குடித்துவிட்டு மாட்டியிருக்கிறான், துப்புரவுப் பணியாளர் வந்து எடுப்பார், அப்புறம் படம் எடுக்கலாம் என்று தூறலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பல பத்து வருடமாக எடுக்க எடுக்க ஜனங்கள் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள், 2013இல் யாரும் ஏற முடியாதபடி பீடத்தை உயர்த்த நகராட்சி போட்ட திட்டத்தை ஊரே எதிர்த்து நிறுத்தியது என்று பிறகு தெரிந்தது. கூம்பு இல்லாமல் எடுத்தால்தான் அங்கே அது தப்பான படம். ஹை ஸ்ட்ரீட்டில் ராபின் குருவியைக் கையில் ஏந்திய மனிதரின் பிரம்மாண்டமான சுவர் ஓவியம் ஒன்று உண்டு. இந்தப் பயணத்திலேயே ஜனங்களுக்கு அதிகம் பிடித்த படம் அதுதான். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் ஸ்டூடியோ காலண்டரில் அதைப் போடவில்லை.

ஸ்லவ்வுக்குத் திரும்பி 60 பவுண்டுக்கு மீட்பு மென்பொருள் வாங்கி ஒரு ராத்திரி ஓட்டினேன். 186இல் 31 வந்தது. அதிலும் பாதி, தலை இருக்கும், இடுப்புக்குக் கீழே சாம்பல் பட்டை. கோல்ஸ்டன் சிலையின் சாயம் பூசிய முகம் மட்டும் ஒன்று முழுசாகக் கிடைத்தது. மொத்தம் கூட்டினால் 218 பவுண்ட், அன்றைய கணக்கில் நம் காசுக்கு இருபத்து மூவாயிரம் சொச்சம். இரவு அறைக்கு வந்ததும் படங்களை லேப்டாப்பில் இறக்கியிருந்தால் பிரிஸ்டலாவது தப்பியிருக்கும். கல்யாண வீட்டில் சாப்பிடப் போகுமுன் செய்கிற வேலை அது, சுற்றுலா என்றதும் விட்டுவிட்டேன்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது கிளைவிடம் மூன்றாவது தரமாகப் போனேன். மதியம் இரண்டு மணி, பூங்கா மேல் சூரியன் தாழ இறங்கி, முகத்தில் விழுந்தது. 1912இல் ஜான் ட்வீட் செய்த சிலை, கால் விரித்து நிற்கிற நிற்பைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதை நாலு படத்தோடு முடித்துக்கொண்டு, பீடத்தின் முன் குத்துக்காலிட்டு ஆற்காட்டுப் புடைப்புக்கு வந்தேன். பலகை சின்னது, மழையில் கறுத்தது, சாய்ந்த வெளிச்சம் பட்டால்தான் உருவங்கள் எழும்பும். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். சுற்றுலாக் கூட்டம் ஒவ்வொன்றாக வந்து படிக்கட்டு அடியில் இருக்கும் சர்ச்சில் போர் அறைகள் என்ற அருங்காட்சியகத்துக்குள் போனது. மேலே யாரும் ஏறவில்லை. ஒரு போலீஸ்காரர் பார்த்தார், நான் டூரிஸ்ட் என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தேன், அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது லண்டன்ல இருக்கிற ஆற்காடு. நம்ம டெல்லி கேட் படம் எங்க தம்பி?” என்றார். அன்று ராத்திரி ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினேன். டெல்லி கேட் நூறு படத்துக்குமேல் இருந்தது, எல்லாவற்றிலும் முன்னால் ஒரு ஜோடி நிற்கிறது.